மூச்சு விட்டானா, இல்லையா

என் தம்பியின் கழுத்தை நான் அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தது எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில்தான். முக்கால் மணி நேரப் படத்தில் கழுத்தையும் வாயையும் தவிர வேறு ஒன்றும் கிடையாது. வியர்வை வழிகிறது, தொண்டை ஏறி இறங்குகிறது, உதடு அசைகிறது. கூடவே 'கபடி கபடி கபடி' என்று அவன் குரல். யார் பிடித்தார்கள், எத்தனை பேர் அவுட், எந்த ஊருக்கு எவ்வளவு பாயிண்ட் என்று எதுவும் தெரியாது. சென்னையிலிருந்து வந்த ஒருவர் எடுத்த படம் அது. விளையாட்டைப் பற்றிய ஆவணப்படம், புது முயற்சி என்று அவர் சொன்னார். எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். அதை இங்கே எழுத முடியாது.

இந்தப் படம் சினிமாக் கொட்டகையில் ஓட வேண்டியதா, ஓவியம் மாட்டி வைக்கிற கண்காட்சிக் கூடத்தில் ஓட வேண்டியதா என்று பிற்பாடு படித்தவர்கள் பலர் என் காதுபடவே வாதாடினார்கள். எனக்கும் அதில் ஒரு கருத்து உண்டு. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது சண்டையில் போய் முடிந்திருக்கும், எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

எண்பதுகளின் நடுவில் நான் பாலக்கோட்டில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். அப்பா காலமாகிவிட்டார். அம்மா தக்காளித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். தம்பி என்னைவிடச் சின்னவன், படிப்பு ஏறவில்லை, ஆனால் கபடியில் அவனை அடிக்கச் சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை. எதிராளிகளின் பக்கம் கபடி சொல்லிக்கொண்டே நுழைவதை எங்கள் பக்கத்தில் 'பாடிப் போறது' என்பார்கள். என் தம்பி பாடிப் போனால் மூச்சு முடியவே முடியாது. எதிரிலிருப்பவர்கள் சலித்துப்போய்க் கையைத் தொங்கப்போடும்வரை பாடிக்கொண்டே நிற்பான். அப்புறம் ஒருத்தனைத் தட்டிவிட்டு நடந்தே திரும்பி வருவான். அந்த நடைக்காகவே கூட்டம் விசிலடிக்கும். அவனுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு என்பதை அக்காவாகிய நானே ஒத்துக்கொள்கிறேன்.

படக்காரர் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர்களைப் படம் பிடிக்கக் கிளம்பி வந்தவர். வழியில் பஸ் பழுதாகி எங்கள் ஊரில் நின்றது. மைதானத்தில் பையன்கள் பயிற்சி செய்துகொண்டிருந்ததை எட்டிப் பார்த்தவர், அடுத்த பஸ்ஸில் ஏறவேயில்லை. தாடி, தோளில் ஜோல்னாப் பை, மெதுவான பேச்சு. எங்கள் வீட்டுக்கு வந்து, பொங்கல் டோர்னமெண்ட் முழுக்கத் தம்பியைப் படம் எடுக்கலாமா என்று அம்மாவிடம் அனுமதி கேட்டார். அம்மா அவருக்கு ராகிக் களியும் கீரைக் கடைசலும் போட்டாள். அவர் களியை மென்று தின்றதைப் பார்த்து, "அதை முழுங்கோணுங்க, மெல்லக் கூடாது" என்று சொல்லிக்கொடுத்தாள். அன்றைக்கு எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம்.

அவர் என்ன எடுக்கப் போகிறார் என்று நான் கேட்டேன்.

"மூச்சைத்தாங்க. ஜெயிக்கிறது தோக்குறது எல்லாம் நாளைக்குப் பேப்பர்ல வந்துடும். ஒரு ஆள் மூச்சை அடக்கிக்கிட்டு எதிரி நடுவுல நிக்கிறான் பாருங்க, அது பேப்பர்ல வராது."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் எரிகிறது.

பொங்கல் டோர்னமெண்டின் கடைசி ஆட்டம் எங்கள் ஊருக்கும் மொரப்பூர் பக்கத்து ஊர் ஒன்றுக்கும். இரண்டு ஊருக்கும் ஏற்கெனவே ஆகாது. பெண் கொடுத்து எடுத்த தகராறு ஒன்று தீராமல் கிடந்தது, கபடி அதற்கு ஒரு சாக்கு. அந்த ஊர் ஆட்கள் பஸ்ஸிலும் லாரியிலும் வந்து குவிந்திருந்தார்கள். படக்காரர் கேமராவை ஒரு பக்கம் நிறுத்திக்கொண்டார். அவரோடு வந்த சவுண்டு ஆள், நீளக் கம்பியின் நுனியில் மைக்கைக் கட்டி, நடுக்கோட்டுக்கு வெளியே தரையில் படுத்துக்கொண்டார். "அவரு என்னா எறும்பு பேசறதப் புடிக்கிறாரா?" என்று கூட்டத்தில் கிண்டல் செய்தார்கள்.

ஆட்டம் சரிசமமாக வந்து நின்றது. தம்பி கடைசியாகப் பாடிப் போனான். நாலு பேர் ஒரே நேரத்தில் பாய்ந்து காலையும் இடுப்பையும் கட்டிப் பிடித்தார்கள். அவன் அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி நகர்ந்தான். மேலும் இரண்டு பேர் முதுகில் விழுந்தார்கள். குவியலுக்கு அடியிலிருந்து அவன் கை மட்டும் நீண்டு வந்து கோட்டின் மேல் விழுந்தது. கோட்டுக்குப் போட்ட சுண்ணாம்பு அவன் உள்ளங்கை முழுக்க ஒட்டியிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சந்தேகமெல்லாம் மூச்சில்தான். கோட்டைத் தொடுகிறவரை அவன் பாடிக்கொண்டிருந்தால் அவனைப் பிடித்த அத்தனை பேரும் அவுட், கோப்பை எங்களுக்கு. தொடுவதற்கு முன்னால் மூச்சு விட்டிருந்தால் அவன் அவுட், கோப்பை அவர்களுக்கு. மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம். குவியலுக்கு அடியில் ஒருவன் பாடுகிறானா இல்லையா என்பது யார் காதில் விழும்? நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே குனிந்து கேட்கப் பார்த்தார். அதற்குள் மேலே கிடந்தவர்கள் எழுந்தார்கள். தம்பி எழவில்லை.

இடுப்பு எலும்பு நொறுங்கிப் போயிருந்தது. தர்மபுரி ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் கிடந்தான். வெளியே வந்தபோது வலது கால் குட்டையாகி, கக்கத்தில் கட்டையோடு வந்தான். கோப்பையை யாருக்கும் கொடுக்காமல் டோர்னமெண்ட் நடத்தினவர்கள் ஒரு டீக்கடைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துவிட்டார்கள், பன்னுக்கும் வர்க்கிக்கும் நடுவில்.

கால் போனதைக்கூட அவன் ஒரு மாதிரி தாங்கிக்கொண்டான். தாங்க முடியாமல் போனது வேறு. மொரப்பூர்ப் பக்கத்து ஆட்கள் அவனுக்கு 'மூச்சு வுட்டவன்' என்று பெயர் வைத்தார்கள். பஸ்ஸில், சந்தையில், கல்யாண வீட்டில் எங்கே பார்த்தாலும் அதுதான். கொஞ்ச நாளில் எங்கள் ஊர்ப் பையன்களே அடையாளத்துக்கு அந்தப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். பாடிப் போகிறவனை அதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது.

"அக்கா, நான் வுடலக்கா. கை கோட்டுல படற வரைக்கும் பாடுனேன். சத்தியமா" என்பான்.

"தெரியும்டா."

"உனக்கு எப்புடித் தெரியும்? உனக்குக் கேட்டுச்சா?"

எனக்குக் கேட்கவில்லை. நானும்தான் கத்திக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் படம் தயாராகிவிட்டதென்று படக்காரர் வந்தார். தம்பியின் காலைப் பார்த்துக் கண்கலங்கினார். நான் காப்பி கொடுத்த கையோடு கேட்டேன்.

"உங்க மைக்கு கோட்டுக்கிட்டதானே இருந்துச்சு? அவன் மூச்சு வுட்டானா இல்லையா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"அது... நான் அப்படிக் கேட்டுப் பார்க்கலீங்க. படத்தோட கேள்வி அது இல்ல. கடைசிக் காட்சியில மூச்சு இருட்டுக்குள்ள போய்க் கரையற மாதிரி வச்சிருக்கேன். நீங்களே பாருங்க."

அன்றைக்கு அங்கே ஒரு கேமராதான் இருந்தது. ஒரு மைக்தான் தரையில் கிடந்தது. அதை வைத்திருந்த மனுஷனுக்கு நாங்கள் தெரிந்துகொள்ளத் துடித்த ஒரே விஷயம் தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. என்னத்தைச் சொல்ல!

படத்தை ஊரிலேயே போட வேண்டும் என்று கேட்டது தம்பி. கொட்டகை முதலாளி நல்ல மனிதர், தம்பியின் ஆட்டத்துக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டுப் பார்த்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டத்தை இதற்கென்றே விட்டுக்கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மாட்டு வண்டியில் மைக் செட் கட்டி, நோட்டீஸ் வீசி, "மூச்சு விட்டாரா? இல்லையா? உண்மையை வெள்ளித்திரையில் காணத் தவறாதீர்கள்!" என்று மொரப்பூர் வரைக்கும் விளம்பரம் செய்துவிட்டார். படக்காரர் அந்த நோட்டீஸ் ஒன்றை நாலாக மடித்து ஜோல்னாப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கூட்டம் கொட்டகை கொள்ளவில்லை. எங்கள் ஊர் ஒரு பக்க மணலில், அவர்கள் ஊர் மறு பக்க மணலில். நடுவில் கயிறு கட்டினார்கள், கபடிக் கோடு போலவே. பெண்கள் பக்கத்தில் அம்மாவும் நானும். தம்பி உட்காரத் திரைக்கு முன்னால் ஒரு சேர் போட்டிருந்தார்கள். நடுவரும் வந்திருந்தார். படத்தில் தெளிவாகத் தெரிந்தால் அன்றைக்கே கோப்பையைக் கொடுத்துவிடுவதென்று இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பேசி முடித்திருந்தார்கள். கோப்பையை டீக்கடையிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்து, திரைக்குக் கீழே ஸ்டூலில் வைத்தார்கள்.

படக்காரரின் படம் சின்ன ஃபிலிமில் எடுத்தது. கொட்டகை மிஷினில் ஓடாது. அவரே ஒரு சின்ன புரொஜெக்டர் கொண்டுவந்திருந்தார். அதில் போட்டதும், அத்தனை பெரிய திரையின் நடுவில் கைக்குட்டை அகலத்துக்குத்தான் வெளிச்சம் விழுந்தது. "பெருசு பண்ணு! பெருசு பண்ணு!" என்று தரை டிக்கெட் கத்தியது. அந்தச் சின்ன மிஷினில் அதற்குமேல் பெரிசு பண்ண முடியாது என்பதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

அப்புறம் கழுத்து வந்தது. கால் மணி நேரம் சிரித்தார்கள், அடுத்துக் கொட்டாவி விட்டார்கள், பிறகு முறுக்கு வாங்கித் தின்றார்கள். ஒருத்தர் எழுந்து, "இவனுக்குக் கழுத்துக்குக் கீழ ஒடம்பே இல்லியா?" என்று கேட்டார். கொட்டகை குலுங்கியது. தம்பியும் சிரித்தான். அது மட்டும் எனக்கு ஆறுதலாக இருந்தது.

கடைசிக் காட்சி வந்ததும் சிரிப்பு நின்றது. கழுத்து ஆடுகிறது. ஒரு கை வந்து தாடையில் இடிக்கிறது. முதுகுகள் மறைக்கின்றன, திரை இருட்டாகிறது. 'கபடி கபடி' மெல்லியதாகக் கேட்க ஆரம்பித்தது. அந்த இடத்துக்காகத்தான் அத்தனை பேரும் டிக்கெட் வாங்கி வந்திருந்தார்கள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய இடம். ஆனால் கபடி பார்க்கிற கூட்டத்துக்கு, ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்றால் உடம்பு தானாக எழுந்துகொள்கிறது. ஒருத்தன் "புடி! புடி! வுடாத!" என்று ஆரம்பித்தான். எங்கள் பக்கம் "இழுத்துக்கிட்டு வாடா சிங்கம்!" என்று எழுந்தது. விசில், கைதட்டல், ஊளை. மைதானத்தில் எப்படிக் கத்தினார்களோ அப்படியே கத்தினார்கள். எது கேட்கவில்லை என்று மாசக்கணக்கில் அடித்துக்கொண்டார்களோ, அதைத் தாங்களே மறுபடியும் அமுக்கிவிட்டார்கள்.

விளக்குப் போட்டார்கள். "கேக்கல! திரும்பப் போடு!" என்றார்கள் இரண்டு பக்கமும். நடுவர் எழுந்து, "அய்யா, தயவு பண்ணி யாரும் சத்தம் போடாதீங்க" என்று கும்பிட்டார். சரி சரி என்று எல்லோரும் தலையாட்டினார்கள். படக்காரர் ஃபிலிமைப் பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டார். அந்த இடம் வந்தது. முதல் நாலைந்து கபடி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாடையில் கை இடித்ததும் எங்கள் பக்கத்திலிருந்து யாரோ "அய்யோ!" என்றார்கள். அவ்வளவுதான். அணை உடைந்தது.

மூன்றாவது முறை போட விடவில்லை. "வுட்டுட்டான், கேட்டுச்சு" என்றான் அவர்கள் பக்கத்தில் ஒருவன். "உங்கப்பன் காதுல கேட்டுச்சா?" என்றான் எங்கள் பக்கத்தில் ஒருவன். கயிறு அறுந்தது, பெஞ்சு பறந்தது, திரை கிழிந்தது. தம்பியை நாலு பேர் சேரோடு தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். "ஒரு நிமிசம் சும்மா இருங்கடா, ஒரே ஒரு நிமிசம்" என்று அவன் எல்லோரையும் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தான். அவன் குரலும் யார் காதிலும் விழவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்குத் திட்டுவதற்கு ஆயிரம் வார்த்தை தெரியும். அன்றைக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

கிழிந்த திரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு கொட்டகை முதலாளி படக்காரரிடம் கோபமே இல்லாமல் சொன்னார்: "தம்பி, இது கொட்டகைக்கான படம் இல்லீங்க. கொட்டகைக்கு வர்றவன் கத்தறதுக்குத்தான் வர்றான். கத்தாம இருன்னா அவன் வூட்லயே இருந்துக்குவான்."

"நானும் அதைத்தான் நெனைச்சேன்" என்றார் படக்காரர். "இது தியேட்டர்ல உக்கார வச்சுக் காட்டற படமே இல்ல. ஒரு சுவர் போதும். ஆளுங்க வரட்டும், நிக்கட்டும், போகட்டும்."

சொன்னபடியே சில மாசங்களில் பெங்களூரில் ஓர் ஓவியக் கூடத்தில் சுவர் கிடைத்துவிட்டதென்று சொல்லி அனுப்பினார். தம்பி போயே தீருவேன் என்றான். நான் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு, கட்டையோடு அவனை பஸ்ஸில் ஏற்றினேன். கிருஷ்ணகிரி, ஓசூர் என்று ஒவ்வொரு ஸ்டாண்டிலும் கண்டக்டர் விசிலடிக்கும்போது அவன் திடுக்கிட்டான்.

அந்தக் கூடம் மாடியில் இருந்தது. படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினான். உள்ளே வெள்ளைச் சுவர், செருப்புச் சத்தம்கூட எழாத தரை. பேசினாலும் கிசுகிசுவென்றுதான் பேசினார்கள். ஒரு கோடிச் சுவரில் தம்பியின் கழுத்து ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகையில் கைக்குட்டையாக இருந்தது, இங்கே வைத்திருந்த பெரிய மிஷினில் ஆள் உயரத்துக்கு நின்றது. படம் முடிந்தால் சற்று நேரத்தில் முதலிலிருந்து மறுபடி போட்டார்கள். உட்கார ஒன்றும் இல்லை. அங்கே எல்லோரும் நின்று பார்ப்பவர்கள்தான். என் தம்பியால் நிற்க முடியாது. நான் போய்க் கேட்டபிறகு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. தாடையில் கை இடித்தது, முதுகுகள் மூடின, இருட்டு. அந்த அமைதியில் எனக்கு எல்லாமே கேட்டது. தூரத்தில் கூட்டத்தின் இரைச்சல், மைக்குக்குப் பக்கத்தில் மண் சரசரப்பு, யாரோ முனகுவது, அதற்கெல்லாம் அடியில், நசுங்கிப்போன குரலில், 'கபடி... கபடி... கபடி...' குரல் தேய்ந்தது, அறுந்துவிடும்போல் இருந்தது, அறுபடவில்லை. சொத்தென்று தரையில் கை விழுந்த சத்தம். அதற்கு அப்புறமும் ஒரு கபடி. இன்னும் ஒன்று. பிறகுதான் எலும்பு போன அலறல், அதுவும் இருட்டுக்குள் கரைந்துபோனது.

தம்பி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"கேட்டுச்சா?"

"கேட்டுதுடா. நல்லாக் கேட்டுது."

"கை வுழுந்த பொறகும் ரெண்டு பாடியிருக்கேன் பாத்தியா?"

அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அந்தப் பொங்கலுக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. நான் அங்கேயே அழுதுவிட்டேன். மறுபடியும் போட்டார்கள், மறுபடியும் கேட்டோம். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாளிடம் அவன் தாங்க மாட்டாமல், "பாருங்க, மூச்சு வுடல பாருங்க" என்றான். கைத்தறிப் புடவையும் பெரிய பொட்டுமாக இருந்த அந்த அம்மாளுக்குத் தமிழ் கொஞ்சம் தெரிந்திருந்தது. "ரொம்ப அழகு. மந்திரம் சொல்ற மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த சுவரிலிருந்த ஓவியத்துக்குப் போனார். தம்பி விழித்தான்.

சாயங்காலம் அங்கேயே சேர் போட்டு ஒரு பேச்சு வைத்திருந்தார்கள். இந்தப் படத்தின் இடம் சினிமா அரங்கமா, ஓவியக் கூடமா என்பதுதான் தலைப்பு. ஒருவர், சினிமா என்றால் இருட்டில் கூட்டமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அது சினிமாவே இல்லை என்றார். இன்னொருவர், கூட்டம் எப்போதும் முடிவைக் கேட்கும், கலைக்கு முடிவு கிடையாது என்றார். பாதி இங்கிலீஷிலும் பாதி கன்னடத்திலுமாக நடந்தது. எல்லைப் பக்கம் இருப்பதால் கன்னடம் எங்களுக்குத் தெரியும், கன்னடத்தில் சொன்னதுதான் புரிந்தது. வாதம் முற்றிக்கொண்டிருந்தபோது படக்காரர் என் தம்பியைக் காட்டி, "இவரே வந்திருக்கார். இவரு சொல்லட்டும்" என்றார்.

தம்பி கட்டையை ஊன்றி எழுந்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கூரு ஆளுங்க நாலு பேரு, மொரப்பூர் பக்கத்து ஆளுங்க நாலு பேரு, அப்புறம் அம்பயரு. இவங்கள இங்க கூட்டியாந்து இந்தச் சேருல உக்கார வெக்க முடியுங்களா? ஒரு தடவ போதுங்க."

படக்காரர் அதை இங்கிலீஷில் சொன்னார். அப்புறம் எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். மக்களைக் கூடத்துக்குக் கொண்டுவருவதுதான் இன்றைய கலையின் சவால் என்று அதை வைத்து இன்னொருவர் பேச ஆரம்பித்துவிட்டார். அவன் கேட்டது ஒரு கேள்வி. ஆமாம், இல்லை என்று யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தான். எழுந்து நாலு சாத்து சாத்தலாமா என்றிருந்தது எனக்கு. எல்லோரும் அவ்வளவு மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், என்ன செய்வது?

இதையெல்லாம் வரிசையாக யோசித்தால் எனக்கு இன்றைக்கும் மூச்சு முட்டும். கேட்டால் அர்த்தம் தெரிகிறவர்கள் இருந்த இடத்தில் அது கேட்கவில்லை. நன்றாகக் கேட்கிற இடத்தில் இருந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. படித்தவர்கள் தலைப்பு வைத்து வாதாடிய விஷயத்தில் என் கருத்து இவ்வளவுதான்.

படச்சுருளையாவது ஊருக்குக் கொடுங்கள், நாலு பேரை மட்டும் ஓர் அறையில் உட்காரவைத்துக் காட்டிக்கொள்கிறோம் என்று கேட்டேன். இருப்பது ஒரே பிரதி, அது வெளிநாட்டில் ஒரு கண்காட்சிக்குப் போகிறது என்றார் படக்காரர். பொய் சொல்லவில்லை, பாவம், அவருக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்குப் பதிலாகக் கடைசிக் காட்சியின் சத்தத்தை மட்டும் ஒரு கேசட்டில் பதிந்து அனுப்பினார்.

கேசட்டை டீக்கடை டேப் ரெக்கார்டரில் போட்டோம். நடுவரை அழைத்திருந்தோம். மொரப்பூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இந்த முறை யாரும் கத்தவில்லை. தெளிவாகக் கேட்டது. கை விழுந்ததும் கேட்டது, அதற்குப் பிந்திய இரண்டு கபடியும் கேட்டது. தம்பி அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வந்தவர்களில் மூத்தவர் டீ கிளாசை வைத்துவிட்டுச் சொன்னார்: "இது எந்த மேட்ச்சுன்னு யாருக்குங்க தெரியும்? வூட்ல உக்காந்து பாடிப் புடிச்சிருந்தா? படத்தோட காட்டுங்க, ஒத்துக்கறோம்."

"நான் படத்தோட கேட்டேங்க, பெங்களூர்ல. என் காதால கேட்டேன்" என்றேன் நான்.

"நீங்க அவனோட அக்காங்க."

நடுவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் விசில் ஊத வேண்டிய நேரத்தில் ஊதாதவர் டீக்கடையிலா ஊதுவார்? கோப்பை மறுபடியும் அலமாரிக்குள் போனது. கடைக்காரர் அதற்குள் சில்லறை போட்டு வைக்க ஆரம்பித்திருந்தார். 'மூச்சு வுட்டவன்' என்ற பெயர் அப்படியே இருந்தது. பாசத்தோடு கூப்பிடுகிறவர்களும் அதைச் சொல்லியே கூப்பிட்டார்கள்.

அடுத்த பொங்கலுக்கு மறுபடியும் டோர்னமெண்ட் வந்தது. தம்பி வர மாட்டான் என்றுதான் நினைத்தேன். தன்னை நடுக்கோட்டு ஓரத்தில் உட்காரவைக்கச் சொன்னான். சேரைக் கொண்டுபோய், அந்தச் சவுண்டு ஆள் படுத்திருந்த அதே இடத்தில் போட்டேன். பக்கத்தில் நின்றுகொண்டேன்.

இந்த முறையும் மொரப்பூர்ப் பக்கத்து ஊர் ஆடியது, வேறு ஓர் ஊரோடு. கடைசியில் அவர்கள் பையன் ஒருவன் பாடிப் போனான். மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். ஐந்தாறு பேர் அவன்மேல் விழுந்தார்கள். குவியல் நடுக்கோட்டை நோக்கி நகர்ந்தது. கூட்டம் எழுந்துகொண்டது. "புடி! புடி!" என்று மைதானம் அதிர்ந்தது. குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு, எங்கள் காலடியிலேயே சுண்ணாம்பின்மேல் விழுந்தது.

தம்பி கட்டையைத் தரையில் ஓங்கி ஓங்கி அடித்தான். "சத்தம் போடாதீங்க! பாடறானுங்க அவன்! பாடறான், கேளுங்க!" என்று நடுவரைப் பார்த்துக் கத்தினான். நடுவர் அவன் பக்கம் திரும்பிக் காதில் கை வைத்து, என்ன என்று கேட்டார். தம்பி மறுபடியும் கத்தினான். அவருக்குக் கேட்கவில்லை. அவர் விசிலை ஊதி, பையன் அவுட் என்று கையைத் தூக்கினார். பையன் எழுந்து, உள்ளங்கைச் சுண்ணாம்பைக் காட்டி அழுதான்.

தம்பிக்குத் தொண்டை கட்டிவிட்டது. என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்து, "மூச்சு இருந்துச்சுக்கா. அவன் வுடல. உனக்குக் கேட்டுச்சு இல்ல?" என்றான்.

நான் அவன் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன். எனக்குக் கேட்கவில்லை.